கம்பெனி நிஜம்தான், கூப்பிட்டவர் நிஜமா?

2022 ஜூன், ஜூலை மாதங்களில் புது டெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் தினமும் எட்டு மணி நேரம் இருந்து, எந்த ரயில் வந்தது, எது போனது, அதில் எத்தனை பெட்டி என்று எண்ணி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே போனது. டிக்கெட் பரிசோதகர், டிராஃபிக் அசிஸ்டென்ட், கிளார்க் வேலைகளுக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். குறைந்தது 28 பேர். பெரும்பாலும் இன்ஜினியரிங், தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்கள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2.67 கோடி ரூபாய். பயிற்சி ஆணை, அடையாள அட்டை, நியமனக் கடிதம் என்று கையில் இருந்த எல்லாமே போலி என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த டிசம்பரில் செய்தி வந்தபோது கேலி செய்தவர்கள் நிறைய. ரயில் எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பையன்கள் கண்ணால் பார்த்தது எல்லாம் நிஜம். ரயில்வே நிஜம், ஸ்டேஷன் நிஜம், மருத்துவப் பரிசோதனைக்குப் போன ரயில்வே மருத்துவமனையும் நிஜம். நடுவில் நின்ற ஆள் மட்டும்தான் பொய்.

இணையத்தில் வருகிற வேலை மோசடிகளில் பெரும்பாலானவை இதே அமைப்பில்தான் ஓடுகின்றன. "இந்தக் கம்பெனி உண்மையா?" என்று கூகுளில் தேடுகிறோம். உண்மை என்று வருகிறது. நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம்மோடு பேசுகிறவர் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர்தானா? அவர் சொல்கிற வேலை அங்கே காலியாக இருக்கிறதா? ஏமாற்றுகிறவர்களுக்கு முதல் கேள்வியைப் பற்றிக் கவலையே கிடையாது. அதனால்தான் புதிதாக ஒரு பெயரைக் கண்டுபிடிக்காமல், எல்லாருக்கும் தெரிந்த பெரிய பெயரையே எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். சுலபமானது முதலில்.

கம்பெனி இருக்கிறதா

இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனிக்கும் சிஐஎன் என்று 21 எழுத்து, எண்கள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. கம்பெனி அனுப்பும் கடிதத் தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி, இந்த சிஐஎன், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆஃபர் லெட்டரும் கம்பெனிக் கடிதம்தான். ஆகவே உங்களுக்கு வந்த பிடிஎஃப்பில் முதலில் தேட வேண்டியது, அழகான லோகோவுக்குக் கீழே, அல்லது தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த வரியை.

இருந்தால், அதை அப்படியே நம்பாமல் பிரித்துப் படியுங்கள். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி, 'யு' என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் என்ன தொழில் என்பதற்கான குறியீடு. அடுத்த இரண்டு எழுத்துகள் மாநிலம். தமிழ்நாடு என்றால் 'டிஎன்'. பிறகு நான்கு இலக்கங்கள், கம்பெனி பதிவான ஆண்டு. அடுத்த மூன்று எழுத்துகள் எந்த வகைக் கம்பெனி என்று காட்டும். 'பிடிசி' என்றால் பிரைவேட் லிமிடெட், 'பிஎல்சி' என்றால் பப்ளிக் லிமிடெட். கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண்.

"இருபது ஆண்டு அனுபவம் கொண்ட எங்கள் நிறுவனம்" என்று கடிதம் தொடங்கும். சிஐஎன் நடுவில் 2024 என்று இருக்கும். கூட்டாண்மையாக இருந்து கம்பெனியாக மாறியவர்களுக்கு ஆண்டு பிந்தி வரலாம், அதற்கு அவர்களிடம் விளக்கம் இருக்கும். விளக்கம் கேட்டதும் குரல் உயர்ந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துக்குப் போய், கம்பெனி மாஸ்டர் டேட்டா என்ற பகுதியில் இந்த எண்ணைப் போடுங்கள். லாகின் கேட்டால் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். பெயர், பதிவான தேதி, முகவரி, மூலதனம், நிலை என்று வரும். நிலை என்ற இடத்தில் 'ஆக்டிவ்' இருக்க வேண்டும். 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்றால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். செலுத்தப்பட்ட மூலதனத்தையும் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய் மூலதனத்தில் நல்ல கம்பெனிகள் ஆயிரம் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட ஒன்று மாதம் ஐநூறு பேரைப் புதிதாக எடுக்கிறோம் என்று சொன்னால் யோசிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அது இன்னும் சுவாரசியமானது. 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். பான் எண்ணில் நான்காவது எழுத்து யாருடைய பான் என்று சொல்லிவிடும். அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' என்றால் தனிநபர். கடிதத்தில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணில் 'பி' இருந்தால், அது ஏதோ ஒரு தனி ஆளின் எண். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே இந்த எண்ணைத் தேடலாம். சட்டப்படியான பெயர், கடைப்பெயர், பதிவான தேதி, எந்த மாதம்வரை ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்பதுவரை வரும். எட்டு மாதமாகத் தாக்கலே இல்லாத நிறுவனம் ஆள் எடுக்கிறது என்றால் அது எந்தக் காசில் என்று கேட்கத்தான் வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எண் இல்லை என்பதற்காகவே சின்ன நிறுவனத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத இடம், வருங்கால வைப்பு நிதியை (பிஎஃப்) நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் தளம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பிஎஃப் கட்டியாக வேண்டும். அந்தத் தளத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச் என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், மாதவாரியாக எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று காட்டும். என்னைக் கேட்டால் எல்லாச் சோதனையிலும் இதுதான் உருப்படியானது. வெப்சைட்டை ஒரே நாளில் கட்டிவிடலாம், கம்பெனியையும் சில ஆயிரம் ரூபாயில் பதிந்துவிடலாம். மூன்று வருடம் மாதாமாதம் நூறு பேருக்கு பிஎஃப் கட்டி நடிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

மறுபக்கம், எதையுமே நிரூபிக்காத காகிதங்களும் இருக்கின்றன. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் சான்றிதழை எடுத்து நீட்டி "அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்" என்பார்கள். உத்யம் பதிவு இலவசம். ஆவணம் எதையும் ஏற்றாமல் நாமே சொல்லிப் பதிகிற சுய அறிவிப்பு. தரச் சான்றான ஐஎஸ்ஓ முத்திரையும் நிரூபணம் ஆகிவிடாது. வெறும் படமாக ஒட்டியிருந்தால் அதற்கு மதிப்பே இல்லை.

பேசுகிறவர் யார்

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் கம்பெனி நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயரில் பேசுகிற ஆளைப் பற்றி நமக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது. சிஐஎன், ஜிஎஸ்டி எண், முகவரி எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை. நாம் சரிபார்க்கப் பயன்படுத்துகிற அதே பக்கத்திலிருந்துதான் அவரும் எடுத்துப் போலிக் கடிதத்தில் ஒட்டியிருப்பார்.

மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெயர் என்று திரையில் பெரிதாகத் தெரிவதை அனுப்புகிறவரே எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது 'அட்' குறிக்குப் பின்னால் வருவதை. ஜிமெயிலில் பெயருக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் யாரிடமிருந்து, பதில் போட்டால் யாருக்குப் போகும் என்றெல்லாம் விரியும். கணினியில் திறந்தால் 'மெயில்டு பை', 'சைன்டு பை' என்ற வரிகளும் தெரியும். அனுப்பியவர் முகவரி கம்பெனியுடையதாக இருந்து, பதில் போகும் முகவரி வேறு ஏதோ ஜிமெயிலாக இருந்தால், அந்த மெயிலை அதோடு மூடிவிடலாம்.

வெப்சைட் முகவரியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. ஏபிசி என்று ஒரு பெரிய கம்பெனி, அதன் தளம் ஏபிசி.காம் என்று வைத்துக்கொள்வோம். 'கேரியர்ஸ்.ஏபிசி.காம்' என்றால் அது அவர்களுடையது. 'ஏபிசி.கேரியர்ஸ்-இந்தியா.காம்' என்றால் அது யாரோ ஒருவருடையது. இரண்டிலும் ஏபிசி இருக்கிறது, கண் ஏமாறும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் வருகிற பகுதியை வலமிருந்து இடமாகப் படித்தால் ஏமாறாது: 'காம்' என்பதற்கு ஒட்டி முன்னால் நிற்கிற சொல் யாருடையதோ, தளம் அவருடையது. 'ஏபிசி-ஜாப்ஸ்.இன்' என்று கோடு போட்டு ஒட்டியதும் ஏபிசியுடையது ஆகாது. சந்தேகமாக இருந்தால் ஹூஇஸ் தேடலில் போட்டுப் பாருங்கள், அந்தத் தளப் பெயர் எப்போது பதிவானது என்று வரும். முப்பது வருடப் பழைய நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளம் மூன்று வாரத்துக்கு முன் பிறந்திருக்காது.

அரசு வேலை என்றால் இன்னும் சுலபம். 'கவ்.இன்', 'நிக்.இன்' என்று முடியும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். 'ஓஆர்ஜி.இன்' யாருக்கும் கிடைக்கும். ஏதோ ஒரு திட்டத்தின் பெயரை இந்தியில் நீளமாக எழுதி, அசோகச் சின்னத்தை ஒட்டி, கடைசியில் 'ஓஆர்ஜி.இன்' என்று முடியும் தளங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மத்திய அரசின் செய்தித் துறையான பிஐபியின் ஃபேக்ட் செக் பிரிவு அவற்றைப் போலி என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ரயில்வேயின் குரூப் சி, டி பணிகள் பொதுவாக அதன் ஆட்சேர்ப்பு அமைப்புகளான ஆர்ஆர்பி, ஆர்ஆர்சி வெளியிடும் அறிவிப்பு, கணினித் தேர்வு என்ற வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. எம்.பி. கோட்டா, அதிகாரி கோட்டா என்று யாராவது ஆரம்பித்தால் தேர்வு அறிவிப்பு எண்ணைக் கேளுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

லிங்க்ட்இன்னில் வந்தவர் என்றால் அவர் பக்கத்தில் 'அபவுட் திஸ் புரொஃபைல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த ஆண்டு, எந்த மாதம் சேர்ந்தார் என்று காட்டும். பத்து வருட ஹெச்ஆர் அனுபவம் என்று எழுதியவர் போன மாதம்தான் கணக்குத் தொடங்கியிருப்பார். புகைப்படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் சில சமயம் ஏதோ வெளிநாட்டுப் பல் மருத்துவர் பக்கத்தில் போய் நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான வழி ஒன்றுதான்: அவர் கொடுத்த எந்த எண்ணையும், எந்த லிங்க்கையும் பயன்படுத்தாமல், நாமாகவே கம்பெனியைப் போய்ச் சேர்வது. வரன் பார்க்கும்போது தரகர் கொடுத்த ஆளிடமே மாப்பிள்ளையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. தெருவில் இருக்கிற வேறு ஒருவரைத்தான் கேட்போம். அதே புத்திதான். கம்பெனியின் தளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, அங்கே இருக்கும் அலுவலக எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கூகுள் தேடலில் மேலே வரும் எண்ணையோ, மேப்ஸில் இருக்கும் எண்ணையோ எடுக்க வேண்டாம். மேப்ஸில் உள்ள எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், வங்கிக் கஸ்டமர் கேர் என்று போலி எண்கள் பரவியது அப்படித்தான். கூப்பிட்டு, "இந்தப் பெயரில் உங்கள் ஹெச்ஆரில் ஒருவர் இருக்கிறாரா? என் கடிதத்தில் இந்தக் குறிப்பு எண் இருக்கிறது, இது உங்களுடையதா?" என்று கேட்டால் போதும். பெரிய கம்பெனிகள் பல, தங்கள் பெயரில் நடக்கும் மோசடியைத் தெரிவிக்கவே தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. கடிதத்தை அங்கே அனுப்பி வையுங்கள். பதில் வர நான்கு நாள் ஆனால் ஆகட்டும். "இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதிசெய்யாவிட்டால் வாய்ப்பு போய்விடும்" என்று அவசரப்படுத்துவதே இந்த நான்கு நாளை உங்களுக்குக் கொடுக்காமல் இருக்கத்தான்.

வேலை இருக்கிறதா

பெரிய நிறுவனங்களில் காலியிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் ஐடி இருக்கும். அதைக் கேட்டு, அவர்களுடைய கேரியர்ஸ் பக்கத்தில் தேடுங்கள். வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

நேர்காணல் நடந்த விதத்தையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். முகம் காட்டாமல் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ எழுத்திலேயே முடிந்ததா? உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டார்களா, இல்லை, "சொந்த ஊர் எது, லேப்டாப் இருக்கிறதா" என்பதோடு சரியா? ஒரு ஜூனியர் டெவலப்பரை எடுப்பதற்கே மூன்று சுற்று வைக்கிற காலத்தில், பத்து நிமிட சாட்டில் மாதம் 60,000 ரூபாய் யாரும் தருவதில்லை.

கன்சல்டன்சி மூலம் வருகிற வேலை தனிக் கதை. ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் வழியாகப் பெரிய ஐடி கம்பெனிகளில் சேர்வது சாதாரண நடைமுறைதான். கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது ஆள் தேவைப்படுகிற கம்பெனி. வேலை தேடி வந்தவரிடமே கை நீட்டுகிற இடத்தில்தான் கதை மாறுகிறது. சென்னை, பெங்களூரு பக்கம் 'பேக்டோர்' என்ற பெயரில் ஓடுவதைப் பாருங்கள். இரண்டு, மூன்று லட்சம் வாங்கிக்கொள்வார்கள். ஒரு வாடகை அலுவலகத்தில் நாற்காலி, கம்ப்யூட்டர், ஐடி கார்டு எல்லாம் இருக்கும். முதல் மாதம் சம்பளம் வங்கிக் கணக்கில் வரும். இரண்டாம் மாதமும் வரும். அதைக் காட்டித்தான் பையன் தன் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வருவான். நான்காம் மாதம் கதவில் பூட்டுத் தொங்கும். வாங்கியது அவன் கொடுத்த பணத்தையேதான் என்பது அப்போதுதான் புரியும். பிறகு அந்த மூன்று மாதத்தை அனுபவம் என்று ரெஸ்யூமில் போட்டு, அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது இரண்டாவது அடி.

பணம் கேட்டால்

வேலைக்குப் பணம் கேட்டால் மோசடி என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் நடைமுறையில் அது அவ்வளவு பளிச்சென்று வருவதில்லை. யாரும் "லஞ்சம்" என்று கேட்பதில்லை. லேப்டாப்புக்கான டெபாசிட், பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை, கேட் பாஸ் என்று பெயர்கள் மாறும். "முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும்" என்ற வரி மட்டும் மாறாது. 1,499 ரூபாய் என்று சின்னதாக ஆரம்பிக்கும். கட்டியவரிடம் அடுத்த நாள் இன்னொன்று.

முறையான கட்டணங்கள் சில உண்டு என்பதால்தான் குழப்பம். டிஎன்பிஎஸ்சியில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், பிறகு தேர்வுக் கட்டணம் என்று இருக்கிறது. அதை ஆணையத்தின் தளத்திலேயே கட்டுகிறோம், யாருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்புவதில்லை. வளைகுடா வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக் கட்டணம் உண்டு, பதிவு பெற்ற ஏஜென்ட்டுக்குச் சேவைக் கட்டணம் உண்டு. அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும், தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளத்திலும் பதிவதற்குக் காசு கிடையாது.

பணமே கேட்காமல் தொடங்குகிற வகைதான் இப்போது அதிகம் பேரைச் சாய்க்கிறது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு, ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய். அந்த 50 ரூபாய் நிஜமாகவே வரும். நம் சந்தேகத்தைக் கரைக்க அவர்கள் செய்யும் முதலீடு அது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே நூறு பேர் "இன்று எனக்கு 8,000 வந்தது" என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள், அவர்கள் அத்தனை பேரும் அதே கும்பல். அடுத்தது 'பிரீபெய்டு டாஸ்க்': 1,000 கட்டினால் 1,300. அதுவும் வரும். 5,000, 20,000 என்று ஏறி, திரையில் உங்கள் கணக்கில் மூன்று லட்சம் தெரியும்போது, எடுக்க வேண்டுமானால் வரி கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு இந்த மாதிரிப் பகுதி நேர வேலை, முதலீட்டு மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில் முடக்கியது. பெயர் மாற்றி அவை மறுபடி முளைக்கின்றன.

டேட்டா என்ட்ரி வேலையில் வேறு ஒரு திருகல். வீட்டிலிருந்தே ஐந்து நாளில் 600 படிவம் நிரப்பிக் கொடுத்தால் 20,000 என்பார்கள். முத்திரைத் தாள் போலத் தோன்றும் ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள். படிவங்கள் மங்கலாக, எந்த மனிதனும் பிழையில்லாமல் அடிக்க முடியாத மாதிரி இருக்கும். ஐந்தாம் நாள் "துல்லியம் 90 சதவீதம் இல்லை, ஒப்பந்தப்படி நீங்கள்தான் எங்களுக்கு 6,500 தர வேண்டும்" என்று வக்கீல் பெயரில் நோட்டீஸ் வரும். நீதிமன்றம், கைது, வீட்டுக்குப் போலீஸ் என்று மிரட்டல் தொடரும். வீட்டில் இருக்கிற பெண்கள், கல்லூரி மாணவர்கள் பலர் பயந்தே கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டதாகச் சொல்வது சிவில் தகராறு. அதற்காக ஒரு கம்பெனி வாட்ஸ்அப்பில் யாரையும் கைது செய்ய முடியாது. அந்த நோட்டீஸையே புகாரோடு இணைத்துவிடலாம்.

பணத்தைவிடக் காகிதம் போவது சில சமயம் பெரிய தொல்லை. வேலை உறுதியாகும் முன்னே ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், கேன்சல் செய்த செக் எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். கட்டாயம் ஆதார் வேண்டும் என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை, ஆதார் ஆணையமான யுஐடிஏஐ தளத்திலிருந்தே இறக்கிக் கொடுக்கலாம். இன்னொன்று, "கம்பெனிப் பணம் உங்கள் கணக்குக்கு வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்பது ஒரு வேலையே அல்ல. அது வேறு யாரிடமோ திருடிய பணம். முடக்கப்படுவதும் விசாரணைக்குப் போவதும் உங்கள் கணக்கு.

சின்ன நிறுவனங்கள்

இவ்வளவையும் படித்துவிட்டு, ஜிமெயிலில் பதில் போடுகிற எல்லாரையும் மோசடிக்காரர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருப்பவர் வாட்ஸ்அப் குழுவில்தான் ஆள் தேடுவார். கோயம்புத்தூர் லேத் பட்டறைக்கு வெப்சைட் இருக்காது. அவர்கள் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலம் தப்பாகவே இருக்கும். மோசடிக் கடிதங்களில் எழுத்துப் பிழை இருக்கும் என்பது பழைய அறிவுரை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் மோசடிக்காரர்கள்தான்.

இப்படிப்பட்ட இடங்களுக்குச் சிறந்த சோதனை நேரில் போவது. முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் மாமாவோ நண்பனோ ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பக்கத்துக் கடையில் "இங்கே சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா அண்ணா?" என்று கேட்டால், எந்த அரசுத் தளமும் சொல்லாததைச் சொல்வார்கள். நேரில் வருகிறேன் என்றதும் "இப்போது வர வேண்டாம், எல்லாம் ஆன்லைன்தான்" என்று தவிர்க்கிறவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை.

வெளிநாடு என்றால்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற எவரும் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு இல்லாமல் நடத்துகிறவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. பெயர் இருக்கிறது என்பதோடு நிற்காமல், பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, முகவரி பொருந்துகிறதா என்று பாருங்கள். "நான் அந்த ஏஜென்ட்டின் சப் ஏஜென்ட்" என்று ஊரில் ஒருவர் வந்தால், அந்த அலுவலகத்துக்கே போய்ப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ரசீதோடு. இரண்டு லட்சம் கேட்கிறவர் எதற்குக் கேட்கிறார் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தமிழ்நாடு அரசுக்கே 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் பார்க்கலாம். சந்தேகம் கேட்க சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதன் அழைப்பு எண் 1989.

எல்லாவற்றிலும் முக்கியம் விசா. சுற்றுலா விசாவில் வா, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்பதை ஒருபோதும் ஏற்காதீர்கள். 2022-இல் தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' வேலை என்று சமூக ஊடக விளம்பரம் பார்த்துப் போனவர்கள், பாங்காக்கில் இறங்கியதும் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, மற்ற நாட்டவரை ஆன்லைனில் ஏமாற்றுகிற வேலையில் அடைக்கப்பட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் அந்த செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கம்போடியா, லாவோஸ் என்று பெயர் மாறினாலும் அழைப்பின் வாசகம் அதேதான்: கம்ப்யூட்டர் வேலை, டாலரில் சம்பளம், டிக்கெட் இலவசம். இங்கே பணமே கேட்கவில்லையே என்று நம்பிப் போனவர்கள் அதில் இருக்கிறார்கள்.

பணம் போய்விட்டால்

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று இரண்டு நாள் யோசிப்பதற்குள் பணம் பத்துக் கணக்கு மாறிவிடும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். கூப்பிடும் முன் உங்கள் வங்கி செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, யுடிஆர் எனப்படும் பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), தொகை, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் கேட்பது அதைத்தான். டெலிகிராம் சாட்டை ஏமாற்றியவர்கள் தங்கள் பக்கத்திலிருந்தே இருவருக்கும் அழித்துவிட முடியும். ஆகவே சண்டை போடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் மட்டும் கட்டு என்று அடுத்த வாரம் ஒருவர் கூப்பிடுவார். உங்கள் எண் அவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று யோசித்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துவிடும்.